ஒரு வீட்டில் இரண்டு கறிச்சட்டி

(எமது பாடசாலையின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், ஒரே வகுப்பில் படித்த ஐவர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



ஆரோக்கிய வாழ்வு பற்றி இருபது நிமிடம் பேசுங்கள் என்று சங்கத்தார் கேட்டார்கள். எங்கள் ஐந்து பேரில் ஒருத்தி குடும்ப நல உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். இருவர் ஆசிரியைகள். ஒருத்தி கச்சேரியில் வேலை செய்தவள். ஒருத்தி தன் வீட்டோடு தங்கையின் வீட்டையும் சேர்த்துப் பார்த்தவள். வைத்தியர் எவரும் இல்லை. ஆகவே மருந்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசமாட்டோம். கறிச்சட்டியையும் உப்புப் பக்கற்றையும் கல்லடிப் பாலத்தையும் பற்றித்தான் பேசப்போகிறோம்.

ஆறாவதாக ஒருத்தி எங்களோடு இந்த மேடையில் இருந்திருக்க வேண்டும். எங்கள் வகுப்புக்கு மொனிற்றர் அவள்தான். கரும்பலகையில் பெயர் எழுதி எங்களைப் பிடித்துக் கொடுப்பாள். இடைவேளையில் தன் பணிஸைப் பிய்த்து எங்களுக்கே தருவாள். கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்து, மூத்தவளுக்கும் கல்யாணம் முடிந்த நேரத்தில் அவளுடைய கணவருக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. உப்பைக் குறைக்க வேண்டும், தேங்காய்ப்பாலைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி விட்டார்கள். அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தக் குசினியில் இரண்டு சட்டி. ஒன்றில் அவருக்கு உப்புக் குறைத்த மீன்கறி. மற்றதில் பிள்ளைகளுக்கும் மருமகனுக்கும் முதற்பால் விட்டு இறக்கிய கறி.

அவள் எதைச் சாப்பிட்டாள் என்று கேட்பீர்கள். மிஞ்சியதை. இரண்டாவது சட்டியில் எப்போதும் கொஞ்சம் மிஞ்சும். கொட்ட மனம் வராது. அவர் முகத்தைச் சுளித்துவிட்டு எழுந்த நாட்களில் முதலாவது சட்டியும் மிஞ்சும். அதற்கு மேல் உப்பைத் தூவி, பக்கத்தில் ஒரு கருவாட்டுத் துண்டையும் வைத்து அவள் சாப்பிட்டதை நாங்களே கண்டிருக்கிறோம். கண்டு சிரித்தும் இருக்கிறோம்.

ஒன்பது வருடம், மாதம் தவறாமல், கணவருடைய கிளினிக் கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவரோடு போய் வாங்கில் இருந்தாள். அந்த ஒன்பது வருடத்தில் ஒரு தடவையாவது அவளுடைய கையில் பிறஷர் பட்டி சுற்றப்படவில்லை. யாரும் கேட்கவில்லை; அவளும் கையை நீட்டவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எங்களில் ஒருத்தியின் தொழிலே அதுவாக இருந்தது.

ஒரு விடியற்காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். மூளையில் இரத்தம் கசிந்திருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டாள். வயது 54. அவளுடைய கணவர் இன்று நன்றாக இருக்கிறார், நடக்கிறார், பேரப்பிள்ளையைப் பாலர் பாடசாலைக்குக் கூட்டிப் போகிறார். அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். "சொல்லுங்க பிள்ளையள்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வீட்டுக்குள் நல்ல பழக்கம் ஒன்று வந்தது. வந்து ஒரே ஒரு ஆளோடு நின்றுவிட்டது. சில வீடுகளில் அது ஏன் ஒருவரிலிருந்து மற்றவருக்குப் போகிறது, சில வீடுகளில் ஏன் ஒரு கோப்பையோடு நின்றுவிடுகிறது என்ற கேள்வி அவள் போன பிறகுதான் எங்களுக்கு வந்தது.

இந்தக் கேள்விக்கு எங்கள் நாட்டிலேயே ஒரு பதில் கிடைத்தது. பாடசாலை விழாவில் சொல்லப் பொருத்தமானதும் அதுதான். கொழும்புக்கு அருகே ஹோமாகம கல்வி வலயத்தில், நளிகா குணவர்தனவும் அவரோடு சேர்ந்த இலங்கை, ஜப்பான் ஆய்வாளர்களும் 20 பாடசாலைகளை எடுத்தார்கள். பத்துப் பாடசாலைகளில் வேலை நடந்தது, மற்றப் பத்தில் நடக்கவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 308 பேர், அவர்களுடைய தாய்மார். தாய்மாருக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டில் நோயைக் கொண்டுவரக்கூடியவை எவை என்று நீங்களே பாருங்கள், அம்மாவோடு சேர்ந்து மாற்றக்கூடியதை மாற்றுங்கள் என்றார்கள். பன்னிரண்டு மாதம் கழித்து நிறுத்துப் பார்த்தபோது, வேலை நடந்த பக்கத்துத் தாய்மாருக்கும் மற்றப் பக்கத்துத் தாய்மாருக்கும் இடையில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ வித்தியாசம். 2016 இல் முடிவு வெளியானது.

எங்களில் ஆசிரியைகளாக இருந்த இருவரும் இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். முப்பது வருடமாகச் சமநிலை உணவைக் கரும்பலகையில் கீறிக் காட்டியவர்கள் அவர்கள். பிள்ளைகள் அழகாகப் பார்த்துக் கீறினார்கள், நிறம் தீட்டினார்கள், புள்ளியும் வாங்கினார்கள். அந்தக் கொப்பி வீட்டுக் குசினிக்குள் போனதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஹோமாகமப் பிள்ளைகளுக்கு எங்கள் பிள்ளைகளை விட அதிகம் தெரிந்திருந்தது என்று நாங்கள் நினைக்கவில்லை. அவர்களிடம் தெரிந்ததைக் கேட்டு நிறுத்தாமல், அதை வைத்து வீட்டில் எதையாவது செய்யச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

பிள்ளைகள் மூலம் வருவதில் இன்னொரு வசதியும் உண்டு. மனைவி சொன்னால் நச்சரிப்பு. மருமகன் சொன்னால் மரியாதைக் குறைவு. பேத்தி சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். 2016 இலிருந்து எங்கள் நாட்டில் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கு ஏற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறம் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது; 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு. எழுத்துக் கூட்டத் தெரியாத பேத்தி ஒருத்தி கடையில் நின்று, "அம்மம்மா, இது சிவப்பு" என்று சொல்ல, எங்களில் ஒருத்தி தூக்கிய போத்தலைத் திரும்ப வைத்திருக்கிறாள். அவள் யார் என்று கேட்காதீர்கள். சிரிப்பவளைப் பாருங்கள்.

அடுத்தது கேரளத்தில் நடந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தார், இளவயதிலேயே மாரடைப்பு வந்தவர்களின் குடும்பங்களைத் தேடிப் போனார்கள். நோயாளியின் உடன்பிறந்தார், பிள்ளைகள், அவர்களுடைய துணைவர்கள் என்று 750 குடும்பங்களில் 1671 பேர். ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு வைத்தியரல்லாத சுகாதாரப் பணியாளர்கள் போய், பிறஷரும் சீனியும் பார்த்து, சாப்பாடு, நடை, புகையிலை எல்லாவற்றையும் குடும்பத்தோடு இருந்து பேசினார்கள். இரத்த அழுத்தம், சீனி, கெட்ட கொலஸ்ட்ரோல், புகையிலை ஆகிய நான்கில் மூன்றையாவது கட்டுக்குள் கொண்டுவருவதுதான் இலக்கு. இரண்டு வருடத்தில் அந்த வீடுகளில் 64 சதவீதம் பேர் இலக்கை அடைந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 46 சதவீதம். 2021 இல் லான்செட் குழும சஞ்சிகையில் வெளிவந்தது. எங்கள் குடும்ப நல உத்தியோகத்தருக்கு இந்தக் கதையில் பிடித்த இடம், வந்தவர் வைத்தியர் இல்லை, தன்னைப் போல ஒருவர் என்பதுதான். எங்களுக்குப் பிடித்தது வேறு. அந்த வீடுகளில், நோயாளியோடு வாங்கில் இருந்தவர்களின் கையிலும் பட்டி சுற்றினார்கள்.

புகைத்தலைப் பற்றி இங்கிலாந்தில் 50 வயதுக்கு மேற்பட்ட 3722 தம்பதிகளைப் பார்த்திருக்கிறார்கள். புகைக்கும் பெண்களில், துணைவரும் அதே காலத்தில் விட்டால் பாதிப் பேர் விட்டார்கள். துணைவர் முன்பே புகைக்காதவராக இருந்தால் 17 சதவீதம். துணைவர் தொடர்ந்து புகைத்தால் 8. எங்கள் ஊரில் பெண்களுக்கு அந்தப் பழக்கம் அருமை. ஆனால் கணக்கை வாசியுங்கள். ஏற்கெனவே நல்லவராக இருப்பவர் பக்கத்தில் இருப்பதை விட, நம்மோடு சேர்ந்து கஷ்டப்படுகிறவர் பக்கத்தில் இருப்பது பலமடங்கு உதவுகிறது. தான் ஒழுங்காக இருந்துகொண்டு மற்றவருக்குப் புத்தி சொல்லும் எங்களைப் போன்றவர்களுக்கு இது கொஞ்சம் சுடும்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். வெளிநாட்டில் பிறந்த உங்கள் பிள்ளைகளுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மூத்தவளுக்குக் கல்யாணம் நடந்தால் மாப்பிள்ளை அவளுடைய வீட்டுக்கு வருவார். தாயும் தகப்பனும் அடுத்தவளுக்காக அதே வளவில், அல்லது பக்கத்து வளவில், இன்னொரு வீடு கட்டி அங்கே போவார்கள். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969 தொடக்கம் அக்கரைப்பற்றில் தங்கி இதைப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். நாங்கள் அதை வாசிக்காமலே வாழ்ந்தோம். கல்லடியிலும் உப்போடையிலும் நொச்சிமுனையிலும் வேலி தாண்டினால் தங்கச்சி, கிணற்றடி தாண்டினால் பெரியம்மா. இடியப்பம் அவிக்கிற தட்டு ஒரு வீட்டில், உரல் இன்னொரு வீட்டில். கறிக்கோப்பை வேலிக்கு மேலால் போகும். திரும்பி வரும்போது வெறுமையாக வராது.

இப்படிப்பட்ட வளவில் ஒரு பழக்கம் எந்த வழியால் போகும்? பெண்கள் வழியாகத்தான். தாயிடமிருந்து மகளுக்கு, அக்காவிடமிருந்து தங்கச்சிக்கு. அவர்கள் கையால் அந்தந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைமாருக்கு. சீனி தூக்கலான தேத்தண்ணியும் அந்த வழியால்தான் வந்தது. மீனைப் பொரித்தால்தான் விருந்து என்பதும் அந்த வழியால்தான். அதே வழியால் திருப்பி அனுப்பவும் முடியும். ஆனால் அந்த வழியில் முதலாவதாக நிற்கிறவள் தன் உடம்பைக் கணக்கில் எடுக்காவிட்டால், எல்லோருக்கும் பரிமாறி முடித்து, அவளுக்கு மட்டும் போய்ச் சேராது.

2005, 2006 ஆம் ஆண்டுகளில் நாட்டில் நீரிழிவைப் பற்றிப் பெரிய ஆய்வொன்று நடந்தது. வயது வந்தவர்களில் பத்துப் பேருக்கு ஒருவருக்கு நீரிழிவு என்று அதில்தான் தெரிந்தது. ஒன்பது மாகாணங்களில் ஏழில் செய்தார்கள். போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. எங்களுடைய கைகளைச் சுனாமிக்குப் பிந்திய அந்தக் காலத்திலும் யாரும் அளக்கவில்லை என்று சொல்வது நியாயமான முறைப்பாடுதான். ஆனால் 2011 முதல் சுகாதார அமைச்சு ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களைத் திறந்து, 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவசமாகப் பார்க்கிறது. அங்கே வருவோரில் ஆண்கள் குறைவு என்பது நாடு முழுவதும் சொல்லப்படும் குறை. எங்கள் கதையில் அவர் போனார், அவள் போகவில்லை. வேறு பல வீடுகளில் அவள் போகிறாள், அவர் போவதில்லை. இரண்டிலும் வீட்டுக்குத் திரும்பி வருவது பாதிச் செய்தி.

அவளுடைய 31ஆம் நாள் கிரியைக்குப் போனோம். படையலுக்குச் சமைத்து முடிந்து பெண்கள் எல்லோரும் குசினிப் பக்கம் களைத்துப்போய் இருந்த நேரம், எங்கள் உத்தியோகத்தர் கைப்பையிலிருந்து பிறஷர் மெஷினை எடுத்தாள். முதலில் தன் கையில் சுற்றினாள். பிறகு எங்கள் கைகளில். எங்கள் ஐவரில் இருவருக்கு அளவு கூட. இருவருக்கும் அதுவரை தெரியாது. அவளுடைய மகள் கையை நீட்டியபோது நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவளுக்கு முப்பத்தொரு வயது. அவளுக்கும் கூட.

அந்த மகள்தான் அடுத்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டி வைத்தாள். அப்பாவின் சட்டியை எல்லோருக்கும் என்று ஆக்கினாள். மருமகன் முதல் வாரம் பாலத்தடியில் கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டு வந்தார். அதை எல்லோரும் அறிவோம், அவரும் இங்கே இருக்கிறார். அவள் சண்டை பிடிக்கவில்லை. ஒரேயடியாக உப்பை நிறுத்தவும் இல்லை. கிழமைக்குக் கொஞ்சமாகக் குறைத்தாள். புளியையும் மிளகையும் கறிவேப்பிலையையும் கொஞ்சம் கூட்டினாள். முதற்பால் விடுவதை வெள்ளிக்கிழமைக்கு மட்டும் வைத்தாள். மூன்று மாதம் கழித்து அந்த மருமகன் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு, "என்ன இவ்வளவு உப்பு" என்றார். நாக்கு அவ்வளவு சீக்கிரம் கட்சி மாறும் என்று எங்களுக்கும் தெரியாது.

நாங்கள் அவளிடமிருந்துதான் படித்தோம். உப்பை அளந்து பார்க்க நாங்கள் கண்டுபிடித்த வழி மிகவும் எளியது. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்கிறது. மட்டமாக ஒரு தேக்கரண்டி. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 750 கிராம் வரும். கடையில் 400 கிராம் பக்கற் வாங்குகிறோம். உடைக்கும்போது பக்கற்றில் திகதியை எழுதி வைக்கிறோம். மாதம் முடிய முன் மூன்றாவது பக்கற் உடைபட்டால் கதை வேறு. கருவாடு, ஊறுகாய், அப்பளம், பாண், சூப் கட்டி இவற்றில் உள்ள உப்பு இந்தக் கணக்கில் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. எங்கள் ஐந்து வீட்டிலும் முதல் மாதம் மூன்றாவது பக்கற் உடைந்தது. ஒரு வீட்டில் நான்காவது.

நடையும் அப்படித்தான் தொடங்கியது. 1924 இல் கட்டி, ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரை வைத்த பழைய பாலத்தில், எங்கள் காலத்தில் ஒரு பஸ் வந்தால் சைக்கிளை ஓரம் கட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். 2013 இல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்த பிறகு பெரிய வாகனங்கள் அதில் போவதில்லை. காலை ஐந்தரைக்கு ஐந்து பேரும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனோம். முதல் நாள் வெட்கம் தாங்கவில்லை. தெரிந்த ஒவ்வொருவரும், "எங்கே, ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டார்கள். இரண்டாம் மாதம் ஒருத்தியின் தங்கச்சி வந்தாள், பிறகு தங்கச்சியின் மகள். பாடும் மீன் கேட்குமா என்று பார்க்கப் பேரன் ஒருவன் வந்தான். பௌர்ணமிக்கு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினோம், அவன் அடுத்த நாளும் வந்து நின்றான். ஒருவரையும் நாங்கள் வாருங்கள் என்று கூப்பிடவில்லை. வீட்டில் ஒரு ஆள் விடிய எழும்பிச் சப்பாத்துத் தேடினால், மற்றவருக்கு நித்திரை கலைகிறது. பாதி வேலையை அந்தச் சத்தமே செய்துவிடுகிறது.

எல்லாம் வெற்றி என்று சொன்னால் பொய். எங்களில் ஒருத்தியின் தாய்க்கு 83 வயது. எருமைத் தயிரும் சீனியும் இல்லாமல் சோறு இறங்காது என்கிறார். விட்டுவிட்டோம். இன்னொருத்தியின் கணவர் ஒரு வருடம் நடந்துவிட்டு நிறுத்திவிட்டார். காரணம் கேட்டால், நீங்கள் ஐந்து பேரும் பேசுவதைக் கேட்டு நடக்க முடியாது என்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது. மூன்றாவது வீட்டில், மகன் கல்யாணம் செய்து மனைவி வீட்டுக்கு, களுவாஞ்சிக்குடிக்குப் போய்விட்டான். அங்கே பழையபடி இரண்டு சட்டியாம். எங்கள் ஊர் வழக்கத்தில் மகன் கொண்டுபோகக் கூடியது குறைவு. அந்த வீட்டுப் பெண்களைத்தான் நாங்கள் பிடிக்க வேண்டும். விழாவுக்கு அவர்களையும் அழைத்திருக்கிறோம்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்னிலும் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். லீவில் வரும்போது பெட்டி நிறையச் சொக்கிளேற் கொண்டுவருகிறீர்கள். அன்பு விளங்குகிறது. அந்தப் பெட்டி வளவு முழுக்கப் பிரிபடும், மூன்று வீட்டுக்கும் போகும், வேலிக்கு மேலால் போகும். அடுத்த தடவை அதற்குள் ஒரு பிறஷர் மெஷினையும் வையுங்கள். அதுவும் அப்படியே வேலிக்கு மேலால் போகும். அம்மாவோடு வட்ஸ்அப்பில் பேசும்போது, "அப்பாவுக்குச் சீனி எப்படி" என்று கேட்கிறீர்கள். அம்மா விபரமாகச் சொல்லுவார். அவருடைய சீனியை யார் கேட்கிறீர்கள்?

நேரம் முடிகிறது என்று தலைவி கை காட்டுகிறார். மண்டபத்தின் பின்பக்கம், வேப்பமரத்தடியில் இரண்டு மேசை போட்டிருக்கிறோம். ஒன்றில் எங்கள் உத்தியோகத்தர், மற்றதில் எங்கள் மொனிற்றரின் மகள். இன்றைய பகல் சாப்பாட்டுக்கு எல்லோருக்கும் ஒரே சட்டிக் கறி. உப்புப் போதாவிட்டால் எங்களிடம் முறையிடலாம். சாப்பிட முன் வரிசையில் வாருங்கள். விடிய நாலு மணியிலிருந்து சமையற்கட்டில் நிற்கும் அக்காமார் ஏழு பேருக்கும் முதல் இடம் விடுங்கள். அவர்களை நாங்கள் ஏற்கெனவே கூப்பிட்டுவிட்டோம். வேலை முடியட்டும், பிறகு வருகிறோம் என்கிறார்கள். யாராவது இரண்டு பேர் போய் அகப்பையை வாங்கிக்கொள்ளுங்கள்.